மார்ப்பதக்கத்தின் பச்சைக்கல்: வேதாகமத்தில் மரகதத்தைப் படிக்கும் முறை

யாத்திராகமம் 28-ஆம் அதிகாரத்தைப் பாடமாக நடத்த வேண்டியிருந்த ஒரு நாளில், பிரதான ஆசாரியனான ஆரோன் அணிந்த, பன்னிரண்டு கற்கள் பதித்த மார்ப்பதக்கத்தைப் பன்னிரண்டு கட்டங்களாக வரைந்து, தமிழ் வேதாகமத்தின் பழைய திருப்புதலில் உள்ளபடி நான்காவது கட்டத்துக்குப் பச்சை வண்ணம் தீட்டிக்கொண்டு போயிருந்தேன். ஆங்கில வேதாகமத்தைக் கையில் வைத்திருந்த ஒருவர், தம்முடைய புத்தகத்தில் மரகதம் மூன்றாவது கல் என்றார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவரின் புத்தகத்திலோ அது ஆறாவது கல்லாக இருந்தது. மூவரும் ஒரே அதிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். எவருடைய புத்தகத்திலும் அச்சுப்பிழை இல்லை. வேதாகமத்தில் ஒரு பச்சைக்கல்லைப் பற்றிப் படிக்கவோ, பிரசங்கிக்கவோ, குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவோ முற்படுகிறவர் இந்தக் குழப்பத்தைச் சந்தித்தே தீருவார். அதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்பதை இங்கே எழுதுகிறேன்.

அடிப்படையான விஷயம் ஒன்றுதான். நம் கையிலுள்ள வேதாகமத்தில் அச்சாகியிருக்கும் கல்லின் பெயர், மொழிபெயர்த்தவர் எடுத்த ஒரு முடிவு. எபிரெய மூலத்தில் இருப்பது வேறொரு சொல். அந்தச் சொல் எந்தக் கல்லைக் குறித்தது என்பதில் இரண்டாயிரம் ஆண்டுகளாகவே கருத்துவேறுபாடு உண்டு. ஆகையால் பெயரிலிருந்து தொடங்காமல், அந்தக் கல் பட்டியலில் நிற்கும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

இடத்தைக் குறித்துக்கொள்ளுதல்

ஒரு தாளை எடுத்து, பத்திக்கு, அதாவது வரிசைக்கு, மூன்று கட்டமாக நான்கு பத்திகள் வரைந்துகொள்ளுங்கள். யாத்திராகமம் 28:17 முதல் 20 வரையுள்ள பெயர்களை அதில் நிரப்புங்கள். பழைய திருப்புதலின்படி முதலாம் பத்தியில் பத்மராகம், புஷ்பராகம், மாணிக்கம்; இரண்டாம் பத்தியில் மரகதம், இந்திரநீலம், வச்சிரம்; மூன்றாம் பத்தியில் கெம்பு, வைடூரியம், சுகந்தி; நாலாம் பத்தியில் படிகப்பச்சை, கோமேதகம், யஸ்பி. இதே பட்டியல் 39-ஆம் அதிகாரத்தில் மீண்டும் வருகிறது. எசேக்கியேல் 28:13-இல் தீரு என்னும் வணிக நகரத்தின் ராஜாவைக் குறித்த புலம்பலில் இவற்றுள் ஒன்பது கற்கள் வேறு வரிசையில் சொல்லப்படுகின்றன. மூன்றாம் பத்தி முழுவதும் அங்கே இல்லை. வெளிப்படுத்தின விசேஷம் 21:19, 20-இல் புதிய எருசலேமின் பன்னிரண்டு அஸ்திபாரங்களுக்கு வேறொரு பட்டியல் இருக்கிறது. அதைத் தனித்தாளில் எழுதிக்கொள்வது நல்லது, ஏனெனில் அது கிரேக்கத்தில் எழுதப்பட்டது. இரண்டு பட்டியல்களையும் ஒரே தாளில் கலந்துவிட்டால் பிறகு பிரிப்பது கடினம்.

மூலச்சொல்லுக்குப் போதல்

இப்போது ஒவ்வொரு கட்டத்திலும் எபிரெயச் சொல்லை எழுதுங்கள். எபிரெயம் தெரியாதவர்களும் ஒரு ஒத்துவாக்கிய அகராதியின் (கன்கார்டன்ஸ்) உதவியால் இதைச் செய்துவிடலாம். முதலாம் பத்தி: ஓதெம், பித்தா, பாரெகெத். இரண்டாம் பத்தி: நோபெக், சப்பீர், யாகலோம். பச்சைக்கல்லைத் தேடுகிறவருக்கு முக்கியமான இடங்கள் இந்த ஆறுக்குள் மூன்று: மூன்றாவதான பாரெகெத், நான்காவதான நோபெக், ஆறாவதான யாகலோம்.

பாரெகெத் என்பது மின்னலைக் குறிக்கும் வேரோடு தொடர்புடைய சொல்லாகக் கருதப்படுகிறது; பளிச்சிடும் கல் என்று கொள்ளலாம். கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளில் யூதர்களே செய்த கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்த், இந்த மூன்றாவது கல்லை ஸ்மரக்தோஸ், அதாவது மரகதம் என்று பெயர்த்தது. முதல் நூற்றாண்டின் யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு இந்தப் பட்டியலைத் தம் இரண்டு நூல்களில் தருகிறார். சில கற்களின் வரிசை ஒன்றுக்கொன்று மாறினாலும் மூன்றாவது கல் இரண்டிலும் ஸ்மரக்தோஸ்தான். எரோனிமுவின் இலத்தீன் மொழிபெயர்ப்பான வுல்காத்தாவும் இதையே பின்பற்றியது. ஆக, பழைய சாட்சிகள் மூன்றும் மூன்றாவது கட்டத்தைத்தான் பச்சையாகக் காட்டுகின்றன.

1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் ஆங்கில வேதாகமம் மூன்றாவது இடத்தில் ஒரு சிவப்புக்கல்லை வைத்து, மரகதத்தை நான்காவதான நோபெக்குக்குக் கொடுத்தது. நம் பழைய திருப்புதலின் வரிசையும் இதனோடு ஒத்துப்போகிறது. செப்துவஜிந்தைக் கேட்டால் நோபெக் என்பது அந்த்ராக்ஸ், கனலும் கரியைப் போன்ற சிவப்புக்கல். அதாவது பழைய கிரேக்கத்தில் மூன்றாவது பச்சை, நான்காவது சிவப்பு. நம் கையிலுள்ளதில் மூன்றாவது சிவப்பு, நான்காவது பச்சை. புதிய சர்வதேச ஆங்கிலத் திருப்புதல் நோபெக்கை நீலப்பச்சையான டர்க்காய்ஸ் ஆக்கி, மரகதத்தை ஆறாவதான யாகலோமுக்குத் தந்தது. அதே யாகலோம்தான் நம்மிடம் வச்சிரம். என் வகுப்பில் கேட்ட மூன்று எண்களுக்கும் காரணம் இதுதான்.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் போக முடியவில்லை. தமிழில் நாம் சொல்லும் மரகதம் வடமொழி மரகதத்திலிருந்து வந்தது. அந்த வடமொழிச் சொல்லும், கிரேக்க ஸ்மரக்தோஸும், அக்காதிய மொழியின் பர்ரக்துவும், எபிரெயத்தின் பாரெகெத்தும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதே சொல்லாய்வாளர் பலரின் கருத்து. கல் கைமாறிய வணிகப்பாதையில் பெயரும் கூடவே பயணம் செய்திருக்கிறது. அப்படியானால் பாரெகெத்துக்கு மிக நெருங்கிய உறவுச்சொல் நம் நாவிலேயே இருக்க, நம் திருப்புதல் அந்த இடத்தில் மாணிக்கத்தை வைத்துவிட்டு, மரகதத்தைப் பக்கத்துக் கட்டத்துக்கு அனுப்பிவிட்டது.

நிறம் பெயருக்குள் ஒளிந்திருத்தல்

மரகதம் என்ற சொல்லை மட்டும் தேடுகிறவர் பச்சைக்கற்களில் பாதியைத் தவறவிடுவார். புஷ்பராகம் என்றதும் நமக்கு மஞ்சள் நிறமே தோன்றும். ஆனால் யோபு 28:19-இல் எத்தியோப்பியாவின் புஷ்பராகம் என்று வருமிடத்தில் மூலச்சொல் பித்தா; செப்துவஜிந்த் அதைத் தொபாசியோன் என்கிறது. பண்டைக் காலத்தில் இந்தப் பெயரால் வழங்கியது செங்கடலின் ஒரு தீவில் கிடைத்த பச்சைக்கல்; இன்று பெரிடாட் என்கிறோம். இயற்கை வரலாறு எழுதிய ரோமரான பிளினி அதைப் பச்சை வகைகளோடு சேர்த்தே பேசுகிறார். எண்ணாகமத்துக்கு எழுந்த யூத மித்ராஷ் உரையில், இஸ்ரவேலின் ஒவ்வொரு கோத்திரத்தின் கொடியும் அதன் கல்லின் நிறத்தைக் கொண்டிருந்தது என்று ஒரு விளக்கம் உண்டு. அங்கே பச்சைக்கொடி சிமியோனுக்கு, அதாவது பித்தாவுக்கு உரியது. பாரெகெத்தைப் பெற்ற லேவியின் கொடியோ வெள்ளை, கறுப்பு, சிவப்பு என்று மூன்று நிறம் கொண்டதாம்.

வச்சிரக்கல்லிலும் இதே சிக்கல்தான். வெளிப்படுத்தின விசேஷம் 4:3-இலும் 21-ஆம் அதிகாரத்திலும் வச்சிரக்கல் என்று நாம் வாசிப்பது கிரேக்கத்தில் இயாஸ்பிஸ். யாத்திராகமத்தின் கடைசிக் கல்லுக்கு யஸ்பி என்று ஒலிபெயர்த்த அதே தமிழ்த் திருப்புதல், இங்கே வச்சிரக்கல் என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தது. பிளினியின் குறிப்பின்படி இயாஸ்பிஸ் பச்சை நிறமுடையது, பல வேளைகளில் ஒளி ஊடுருவக்கூடியது. இன்று ஜாஸ்பர் என்ற பெயரில் விற்கும் ஒளிபுகாத கல்லையும், வச்சிரம் என்றதும் நினைவுக்கு வரும் வைரத்தையும் ஒதுக்கிவைத்துவிட்டு, பளிங்குபோல் தெளிந்த வெளிர்பச்சையை மனத்தில் கொண்டு பரம எருசலேமின் மதிலைப் படித்துப் பாருங்கள், காட்சியே மாறிவிடும்.

எதிர்த்திசையிலும் எச்சரிக்கை தேவை. பெயரிலேயே பச்சை இருக்கும் படிகப்பச்சை, எசேக்கியேல் கண்ட சக்கரங்களுக்கும், தானியேல் 10:6-இன் புருஷனுடைய சரீரத்துக்கும் உவமையாக வருகிறது. மூலச்சொல் தர்ஷீஷ், ஓர் ஊரின் பெயரால் வழங்கிய கல். யாத்திராகமப் பட்டியலில் செப்துவஜிந்த் அதைப் பொற்கல் என்று பொருள்படும் கிரிசோலித்தோஸ் ஆக்கியது. ஆகவே அந்தச் சக்கரங்கள் பச்சையாகச் சுழன்றன என்று அடித்துச் சொல்ல இடமில்லை. வெளிப்படுத்தின விசேஷத்தின் எட்டாவது அஸ்திபாரமான படிகப்பச்சை வேறு சொல், அது பெரில்லோஸ். அந்தக் கிரேக்கச் சொல்லே பிராகிருதத்தின் வேளூரியத்திலிருந்து, அதாவது வைடூரியத்தின் உறவிலிருந்து, இந்தியக் கற்களோடு மேற்கே போனது. நம் திருப்புதலில் வைடூரியம் பத்தாவது அஸ்திபாரமாக இருக்கிறது. அங்கே கிரேக்கத்தில் இருப்பது கிரிசோப்ராசோஸ், பொன்னும் பூண்டின உறவான லீக் கீரையும் சேர்ந்த பெயர். அதுவும் ஒரு பச்சைதான்.

கல் எங்கிருந்து வந்திருக்கும்

நிறம் ஓரளவு புரிந்தபின், அந்தக் கல் அந்தக் காலத்தவருக்குக் கிடைத்திருக்குமா என்று கேட்க வேண்டும். பலரும் தாவிவிடும் கேள்வி இது. இன்று நாம் மரகதம் என்று சொல்வது, குரோமியத்தாலோ வனேடியத்தாலோ பச்சையான பெரில் கனிமம். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவையில் அதன் கடினம் 7.5 முதல் 8 வரை. பண்டைய மத்தியதரைக்கடல் உலகுக்கு மரகதம் தந்த முக்கியமான சுரங்கங்கள் எகிப்தின் கிழக்குப் பாலைவனத்தில், சிக்கைத், சபரா மலைப்பகுதிகளில் இருந்தன. ரோமர் அதை மரகத மலை என்றே அழைத்தார்கள். பிற்காலத்தில் மறக்கப்பட்டிருந்த அந்தச் சுரங்கங்களைப் பிரெஞ்சுப் பயணி பிரெடெரிக் காயோ 1816, 1817 வாக்கில் மீண்டும் கண்டறிந்தார். அங்கே வேலை மும்முரமாக நடந்தது எகிப்தைத் தாலமி வம்சத்தாரும் பின்னர் ரோமரும் ஆண்ட காலங்களில். மோசேயின் காலம் அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தையது.

மார்ப்பதக்கத்தின் அளவையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். இரட்டையாக மடிக்கப்பட்டு, ஒரு சாண் நீளம், ஒரு சாண் அகலம் என்கிறது 28:16. உங்கள் உள்ளங்கையை விரித்துத் தாளின்மேல் வைத்து, அந்தச் சதுரத்துக்குள் பன்னிரண்டு கட்டம் வரையுங்கள். பொன் குவளைகளுக்கு இடம் விட்டாலும் ஒவ்வொரு கல்லும் பெருவிரல் நகத்தைவிடப் பெரிதாகவே வரும். அதன்மேல் முத்திரை வெட்டுகிறதுபோல ஒரு கோத்திரத்தின் பெயரை வெட்ட வேண்டும். அக்காலக் கருவிகளைக் கொண்டு, எளிதில் விரிசல் காணும் கடினமான மரகதத்தில் அதைச் செய்வதைவிட, எகிப்தியர் கைபழகியிருந்த பச்சைப் பெல்ஸ்பார், பச்சை ஜாஸ்பர், டர்க்காய்ஸ் போன்றவற்றில் செய்வது இயல்பானது. டர்க்காய்ஸ் சீனாய் தீபகற்பத்தின் செராபித் எல் காதிமில் வெட்டியெடுக்கப்பட்டது. எகிப்தியர் அதை மெஃப்காத் என்றார்கள். நோபெக் என்ற எபிரெயச் சொல் அந்த எகிப்தியச் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்ற கருத்தே புதிய திருப்புதல்கள் பலவற்றில் டர்க்காய்ஸைக் கொண்டுவந்தது. வனாந்தரத்தில் பாளயமிறங்கிய மக்களின் கதைக்கு இது பொருந்துகிறது என்பது என் எண்ணம்.

ஸ்மரக்தோஸ் என்ற கிரேக்கச் சொல்லும் குறுகியதன்று. பிளினி அதில் பன்னிரண்டு வகை எண்ணுகிறார். எஸ்தர் 1:6-இன் கிரேக்கத்தில் அரண்மனைத் தளம் ஸ்மரக்தோஸ் சாயலுள்ள கல்லால் பாவப்பட்டிருக்கிறது. தளம் போடும் அளவுக்கு மரகதம் எவரிடமும் இருந்ததில்லை. தீருவின் கோயிலில் இரவில் ஒளிரும் ஸ்மரக்தோஸ் தூணைக் கண்டதாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் எழுதினார். அது போலி ஸ்மரக்தோஸாக இருக்கலாம் என்று கிரேக்க அறிஞர் தியோப்ராஸ்டஸ் பின்னர் ஐயப்பட்டார். எசேக்கியேல் தம் புலம்பலில் கற்களால் மூடியது அதே தீருவின் ராஜாவைத்தான் என்பதை நினைவில் கொள்ளுங்கள். 27:16-இல் அந்த நகரத்துச் சந்தைக்கு வரும் சரக்குகளிலும் நோபெக் இருக்கிறது. மனங்குளிர்விக்கும் அணிகலனாக அல்ல, வணிகத்தால் கொழுத்து அகந்தைகொண்ட ஒரு நகரத்தின் செல்வமாக அங்கே பச்சைக்கல் நிற்கிறது.

ஒரு வசனத்தை முழுதாகப் படித்தல்

இவ்வளவும் செய்தபின்தான் பொருளுக்கு வர வேண்டும். வெளிப்படுத்தின விசேஷம் 4:3-ஐ எடுத்துக்கொள்வோம். சிங்காசனத்தைச் சுற்றி ஒரு வானவில், அது பார்வைக்கு மரகதம்போல் தோன்றிற்று. கிரேக்கத்தில் ஸ்மரக்தினோஸ்; புதிய ஏற்பாட்டில் இந்தச் சொல் இங்கே மட்டுமே வருகிறது. இது முதல் நூற்றாண்டுக் கிரேக்கம். எகிப்தின் சுரங்கங்களில் ரோமர் வெட்டிக்கொண்டிருந்த காலத்தை ஒட்டியது. ஆகவே யாத்திராகமத்தில் தயங்கிய நாம், இங்கே உண்மையான மரகதத்தின் பச்சையை நினைப்பதில் தவறில்லை.

வானவில் எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் பாருங்கள். ஆதியாகமம் 9-இல் ஜலப்பிரளயத்துக்குப் பின் உடன்படிக்கையின் அடையாளமாக மேகத்தில் வைக்கப்பட்ட வில் அது. எசேக்கியேல் 1:28-இல் சிங்காசனத்தின் பிரகாசம் மழைபெய்யும் நாளின் வில்லுக்கு ஒப்பிடப்படுகிறது. வெளிப்படுத்தின விசேஷத்தை எழுதிய யோவான் இரண்டையும் அறிந்தவர். ஆனால் பல நிறங்களுள்ள வில்லை ஒரே நிறமாகக் கண்டதாக எழுதுகிறார். இரண்டு வசனம் தள்ளி, 4:5-இல், அதே சிங்காசனத்திலிருந்து மின்னல்களும் இடிமுழக்கங்களும் புறப்படுகின்றன. நியாயத்தீர்ப்பின் மின்னல் வெளிவர வேண்டுமானால் உடன்படிக்கையின் பச்சை வளையத்தைக் கடந்தே வர வேண்டும் என்ற அமைப்பை வசனங்களின் வரிசையே காட்டுகிறது. வெள்ளம் வடிந்த பூமியில் முதலில் தெரிந்த உயிர்ப்பின் நிறமும் பச்சைதான். புறா கொண்டுவந்த ஒலிவ இலை அது. இந்த விளக்கத்தை வசனம் நேரடியாகச் சொல்லவில்லை, வாசிப்பால் வருவிக்கப்படுவது என்பதைப் பாடம் நடத்துகிறவர் கேட்பவர்களிடம் தெரிவித்துவிடுவது நேர்மை.

பச்சை என்றாலே ஜீவன் என்று சூத்திரம் போட்டுவிடவும் கூடாது. அதே புத்தகத்தின் 6:8-இல் மரணம் என்னும் பேர்கொண்டவன் ஏறிவரும் குதிரையை நாம் மங்கின நிறமுள்ளது என்று வாசிக்கிறோம்; கிரேக்கத்தில் அது குளோரோஸ், 8:7-இல் வெந்துபோகும் பசும்புல்லுக்கு வழங்கும் அதே சொல். இலையின் பச்சைக்கும் பிணத்தின் வெளிறலுக்கும் ஒரே சொல்லை வைத்திருந்த மொழியில், சிங்காசனத்து வில்லுக்கு அந்தச் சொல்லை விட்டுவிட்டுக் கல்லின் பெயரை எடுத்திருப்பது கவனிக்கத்தக்கது. புல் வாடும், கல் வாடாது.

கத்தோலிக்க வேதாகமத்தில் இடம்பெறும் இணைத்திருமுறை நூல்களை வாசிப்பவர்கள் சீராக் 32:6-ஐயும் பார்க்கலாம். மதுவிருந்தில் இசைக்கப்படும் இனிய இசை, பொன்னில் பதித்த மரகத முத்திரைக்கு ஒப்பிடப்படுகிறது. தோபித்து 13-இல் எருசலேம் நீலமணியாலும் மரகதத்தாலும் கட்டப்படும் என்று வருகிறது. யூதித்து 10:21-இலோ, மரகதம் பகைவனான ஒலோபெரினின் படுக்கைக் கூடாரத் திரையில் பதிந்திருக்கிறது. ஒரே கல், மூன்று வீடு.

கோத்திரம், அப்போஸ்தலன், பிறந்த மாதம்

மரகதம் எந்தக் கோத்திரத்துக்கு உரியது என்ற கேள்வி வேதாகம வினாடிவினாக்களில் அடிக்கடி வருவது. பன்னிரண்டு கல்லுக்கும் பன்னிரண்டு பெயர் என்கிறது 28:21. எந்தக் கல்லுக்கு எந்தப் பெயர் என்று சொல்லவில்லை. பிறந்த வரிசை என்ற நிபந்தனை 28:10-இல் தோள்களின்மேல் வைக்கப்படும் இரண்டு கோமேதகக் கற்களுக்குச் சொல்லப்பட்டது. அதை மார்ப்பதக்கத்துக்கும் பொருத்தினால் நான்காவது கல் யூதாவுக்குப் போகும், மூன்றாவது லேவிக்கு. எண்ணாகமத்தின் பாளய வரிசையைப் பொருத்தினால் நான்காவது கல் ரூபனுடையதாகிவிடும். வினா எழுதுகிறவர் எந்த வரிசையை வைத்தார் என்று கேட்காமல் பதில் சொல்வது வீண்.

அஸ்திபாரங்களில் அப்போஸ்தலர்களின் நாமங்கள் இருப்பதாக 21:14 சொன்னாலும், மரகதத்தை யோவானுக்கு ஒதுக்கியது பிற்கால உரையாசிரியரான செசரியா அந்திரேயா. மாதத்துக்கொரு கல் என்ற வழக்கத்துக்கும் வேதம் பொறுப்பல்ல. பன்னிரண்டு கற்களைப் பன்னிரண்டு மாதங்களோடு ஒப்பிடலாம் என்று யோசேப்பு எழுதினார். மே மாதத்துக்கு மரகதம் என்ற இன்றைய பட்டியலோ 1912-இல் அமெரிக்க நகை வணிகர்களின் சங்கம் வகுத்தது. லூசிபரின் கிரீடத்திலிருந்து மரகதம் விழுந்தது என்ற கதை எசேக்கியேல் 28-இல் எங்கும் இல்லை. கல்லை அணிந்தால் நோய் தீரும் என்பதற்கும் வேதாகமத்தில் வசனம் தேட வேண்டாம்.

என் பழைய படத்தை நான் பின்னர் திருத்தினேன். மூன்றாவது கட்டத்தில் பச்சை, நான்காவதில் நீலம் கலந்த பச்சை, இரண்டாவதில் மஞ்சள் தோய்ந்த இளம்பச்சை. ஆறாவதை வெறுமையாக விட்டு, யாகலோம் என்று மட்டும் எழுதினேன். மற்ற மூன்று கட்டங்களின் அடியிலும் எபிரெயப் பெயர் பெரிதாகவும், தமிழ்ப் பெயர் சிறிதாகவும், பென்சிலிலும் இருக்கிறது.